ரெண்டாவது வெள்ளை

“செல்வக்குமாரு ஒரு விசயத்த ரெண்டாவது தடவ சொல்லிக் கேட்டேன்னு இந்தத் திருப்பூர்ல ஒருத்தரு சாட்சி சொல்லட்டுமுங்க, பாக்கலாம். அன்னைக்கே இந்த மவுஸக் கீழ வெச்சுப்போட்டு, சேவூருக்குப் போயி எருமை மேய்க்கறேன்.”

இரண்டாயிரத்து ஏழாம் வருடத்து ஆயுத பூஜையன்று, மானிட்டருக்குச் சந்தனமும் சிபியுவுக்குக் குங்குமமும் வைத்து முடித்த கையோடு வெளியான பிரகடனம் இது. வெளியிட்டது, நாச்சிமுத்து முதலாளியின் பனியன் கம்பெனியில் இருந்த கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் முழுவதும். முழுவதும் என்றால், செல்வக்குமார். பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்று கேட்டவர்கள் மூன்று பேர். பாஸ்வேர்டை இன்னொரு முறை கேட்டு இந்தப் பிரகடனத்துக்குக் காரணமான ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மைதிலி. ரிசப்ஷனில் உட்காரும் சித்ரகலா. துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டும் டேனியல். டேனியலுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதிக்குச் சிரித்து வைத்தார்.

நாலு மாதம் கழித்து இந்தக் கொள்கை அதே டேனியலின் வேலையை விழுங்கப் பார்க்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். பொரி நன்றாக இருந்தது.

செல்வக்குமாரின் கொள்கையை வெறும் வாய்த்துடுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கோயமுத்தூரில் எம்.சி.ஏ. படித்த மூன்று வருடத்தில் அவன் சொந்தமாகக் கண்டடைந்த ஒரே தத்துவம் அது. நல்ல புரோகிராமில் ஒரு வரி ஒரு தடவைதான் வரும். நல்ல மனிதன் வாயிலிருந்தும் அப்படித்தான் வரவேண்டும். டீக்கடையில் “ஒரு டீ, சக்கரை கம்மி” என்பான். மாஸ்டர் காதில் விழாவிட்டால், டீ குடிக்காமல் திரும்பி வருவான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அப்படித் திரும்பினான். பேக்கிங் செக்‌ஷன் சுவரில் “சீக்கிரம் சீக்கிரம்” என்று ஒட்டியிருந்த அட்டையில் ஒரு சீக்கிரத்தைப் பேனாவால் அடித்தான். சேவூரிலிருந்து அம்மா அமராவதி போன் போட்டு “சாப்புட்டயா கண்ணு?” என்று கேட்பாள். “ஆச்சுங்மா” என்பான். லைன் சரியில்லாமல் அவள் “என்ன சாமி?” என்றால், இந்தப் பக்கம் கனத்த மௌனம். மகன் பட்டினி கிடக்கிறான் என்று அவள் அடுத்த பஸ்ஸிலேயே எள்ளுருண்டைத் தூக்குப்போசியோடு வந்து இறங்கியதும் உண்டு. உருண்டைகளை அவன் கொள்கை தடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றான்.

இப்படிப்பட்டவனுக்கு விதி ஒதுக்கிய அறை, நிட்டிங் ஹாலை ஒட்டி இருந்தது. அதற்கு முன்னால் அது மெஷின் ஊசிகள் வைக்கும் ஸ்டோர். நடுவில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மெஷின்கள் பகலெல்லாம் சுற்றும். அந்தச் சத்தத்துக்குள் பிழைப்பவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. எதையும் இரண்டு தடவை சொல்வார்கள். முதல் தடவை சொல்வது ஆளைத் திரும்பிப் பார்க்கவைக்க. இரண்டாவது தடவை சொல்வதுதான் சேதி. “நூல் அந்துருச்சு, நூல் அந்துருச்சு.” “சோத்துக்குப் போலாம், சோத்துக்குப் போலாம்.” வசவுகளும் ஜோடி ஜோடியாகவே புறப்படும். பீகாரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்கூட மூன்றாம் நாளில் ஹிந்தியை இரட்டையாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஹாலுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் செல்வக்குமாருக்கு யாரோ தன் புரோகிராமைக் கெடுத்து எழுதுவதுபோல் இருக்கும்.

அந்த ஹாலில் டேனியலுக்கு இருபத்தாறு வருடம் ஓடியிருந்தது. நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருடச் சத்தம் காதைச் சும்மா விடுமா? வலது காது ஏறக்குறைய விடைபெற்றிருந்தது. இடது காது கிளம்பத் தயாராக இருந்தது. ஆனால் இரண்டு தடவை சொல்லும் இடத்தில் காது மந்தம் வெளியே தெரியாது. முதல் தடவைக்கு முகத்தைத் திருப்புவார், இரண்டாவது தடவைக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். எல்லாருமே அப்படித்தானே செய்கிறார்கள்.

செல்வக்குமார் சேர்ந்த புதிதில் பஞ்சுத் தூசி கீபோர்டுக்குள் புகுந்து பாதி எழுத்துகள் வேலைநிறுத்தம் செய்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் டேனியல் மெஷின் சுத்தம் செய்யும் ஏர் குழாயைக் கண்ணாடிக் கதவு வழியாக நீட்டிக்கொண்டு வந்தார். “தம்பி, கொஞ்சம் எந்திரிங்க. கொஞ்சம் எந்திரிங்க,” என்றார். ஒரே ஊதில் கீபோர்டிலிருந்து ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு பறந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், கேட்காமலே, வந்து ஊதிவிட்டுப் போவார். அதற்கு நன்றியை செல்வக்குமார் முதல் சனிக்கிழமை ஒருமுறை சொல்லியிருந்தான். அது இன்னும் அமலில் இருப்பதாகவே அவன் எண்ணம்.

இனி, லிங்க் கதைக்கு வருவோம்.

கம்பெனிக்காகச் செல்வக்குமார் ஒரு வெப் அப்ளிகேஷன் கட்டியிருந்தான். அப்போது புதிதாக வந்து எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒரு ஃப்ரேம்வொர்க்கில் கட்டியது. மைதிலி ஆர்டர் விவரத்தை ஒரு பக்கத்தில் ஏற்றுவாள். அங்கிருக்கும் லிங்க்கைத் தட்டினால் விவரம் அடுத்த பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கத்தைச் சாயம் போடும் டையிங்கில் திறந்து பார்ப்பார்கள். லிங்க்கின் வாலில் ஒரு கேள்விக்குறி போட்டு, சொல்ல வேண்டியதை அதன் பின்னால் கட்டிவிட்டால் போதும். ஒரே சேதி என்றால் சுலபம்: கலர், சமக்குறி, வெள்ளை. பட்டியல் என்றால்தான் வம்பு. அந்த ஃப்ரேம்வொர்க்கின் சம்பிரதாயம் இப்படி: கலர் என்று எழுதி, பக்கத்தில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு சதுர அடைப்பு போட்டு, சமக்குறி, வெள்ளை. மறுபடி கலர், மறுபடி காலி அடைப்பு, நீலம். மறுபடி கலர், மறுபடி காலி அடைப்பு, சிவப்பு. பத்து நிறம் என்றால் பத்துக் கலர், பத்துக் காலி அடைப்பு.

பிரவுசரின் மேல்பட்டையில் இதைப் பார்த்தபோது செல்வக்குமாருக்கு உடம்பு எரிந்தது. நிட்டிங் ஹாலே வந்து அட்ரஸ் பட்டையில் உட்கார்ந்து கத்துவதுபோல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத அடைப்பு எதற்கு என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டான். ஐந்து நிறம் கிளம்பின. கடைசியாகக் கிளம்பியது மட்டும் போய்ச் சேர்ந்தது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்து, முன்னால் வந்ததை எழுப்பிவிட்டு, கடைசியில் பச்சை ஒன்றுதான் மிஞ்சியது. டையிங்கிலிருந்து ராசப்பன் போன் போட்டு, “ஏனுங்க, இந்த வருசம் எல்லாமே பச்சைங்களா?” என்று பணிவாகக் கேட்டார். செல்வக்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு அடைப்புகளை மறுபடி குடியேற்றினான்.

அடுத்த தொந்தரவு கோடு போட்ட பனியனில் வந்தது. மைதிலி கோடுகளை வரிசைப்படி ஏற்றுவாள். வெள்ளை மூன்று இடத்தில் வந்தால் பட்டியலில் மூன்று வெள்ளை. அதைப் பார்த்து டையிங்கில் வெள்ளையை மூன்று தனித்தனி லாட்டாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்தார். செல்வக்குமார் ஒரே ஒரு வரி எழுதினான். எந்தப் பட்டியல் எந்த லிங்க் வழியாகப் போனாலும், ஏற்கெனவே வந்த பெயர் மறுபடி வந்தால் வாசலிலேயே நிறுத்து. அவன் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் அவன் குணம் அப்படியே இறங்கியிருந்தது அந்த வரியில்தான். டையிங்கில் ஒரு நிறம் ஒருமுறை மட்டும் தெரிந்தது. “இதுதான் கண்ணு புத்தி,” என்று நாச்சிமுத்து முதலாளி அவன் தோளைத் தட்டினார்.

தட்டிய சந்தோஷத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அதுவரை கோடு போட்ட துணி ஓட்ட வேண்டுமென்றால், வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பிள் துண்டை மைதிலி கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் வந்து டேனியலிடம் காட்டுவாள். “துண்டுத் துணியத் தூக்கீட்டு அலையறதெல்லாம் இன்னியோட போதும்,” என்றார் முதலாளி. “டையிங்குக்குப் போற மாதிரியே நிட்டிங்குக்கும் அந்த லிங்க்கப் போட்டு உட்ரு.” ஹால் மூலையில் பாலிதீன் உறை மாட்டிய ஒரு கம்ப்யூட்டர் வந்து அமர்ந்தது.

மாசி மாதம். குழந்தைகள் பனியன் ஆர்டர். வெள்ளை, கருநீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று ஆறு கோடு. வெள்ளை நடுநடுவே வந்து மற்ற மூன்று நிறங்களையும் அடித்துக்கொள்ளாமல் விலக்கி வைக்கும். மைதிலி ஆறையும் ஏற்றி லிங்க்கைத் தட்டினாள். ஹால் ஸ்கிரீனில் வெள்ளை, கருநீலம், சிவப்பு, பச்சை என்று நாலு கோடு தெரிந்தது.

டேனியல் அதைப் பார்த்து மெஷின் தூணில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். அவருடைய மெஷினில் நூல் உள்ளே போகும் வழிகள், ஃபீடர்கள், எழுபத்திரண்டு. கோட்டுக்கு ஆறு ஃபீடர் வீதம் ஆறு கோடு என்றால் முப்பத்தாறு. இரண்டு சுற்றில் எழுபத்திரண்டு நிறையும். நாலு கோடு என்றால் இருபத்துநாலு. மூன்று சுற்றில் அதே எழுபத்திரண்டு நிறையும். ஒரே ஒரு ஃபீடர் மிஞ்சியிருந்தாலும் டேனியல் அங்கேயே பிடித்திருப்பார். கணக்கு, குற்றவாளி பக்கம் சாய்ந்துவிட்டது.

இருந்தாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“தம்பி, வெள்ளை ஒருக்காதானா? வெள்ளை ஒருக்காதானா?”

“ஒருக்காத்தானுங்ண்ணா,” என்றான் செல்வக்குமார், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு பட்டியலில் ஒரு பெயர் எத்தனை தடவை வரவேண்டும் என்பதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

“எத்தன?”

செல்வக்குமார் அடுத்த வரியை அடித்தான்.

“இல்ல தம்பி, மத்த மூணு கலரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குல்லா. நடுவுல வெள்ளை வந்தா எடுப்பா இருக்குமேன்னு பாத்தேன். அதான் கேக்கேன்.”

செல்வக்குமார் விரலால் ஹால் மூலையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினான். விரல் காட்டுவது சொல்வதில் சேராது. டேனியல் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்று மணிக்கு மைதிலி வேறு வேலையாக ஹாலுக்குள் போனாள். நூற்றெண்பது கிலோ துணி சுருள் சுருளாகக் கிடந்தது. “அய்யோ, வெள்ளை எங்கீங்க? வெள்ளை எங்கீங்க?” என்ற அவள் குரல் பன்னிரண்டு மெஷினையும் தாண்டி ஆபீஸ் வரை போயிற்று.

முதலாளி டேனியலை ஹாலுக்கு வெளியே காரிடாருக்குக் கூப்பிட்டார். அங்கே சத்தம் இல்லை. சத்தமில்லாத இடத்தில் யாரும் எதையும் இரண்டு தடவை சொல்வதும் இல்லை. முதலாளி சாதாரணக் குரலில் நாலு கேள்வி கேட்டார். டேனியல் நாலுக்கும் தலையாட்டிச் சிரித்தார். இருபத்தாறு வருடமாக ஹால் மறைத்து வைத்திருந்ததைக் காரிடார் ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்தது.

“இந்தாளுக்குக் காதே கேக்கறதில்லையா?” என்று முதலாளி திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். “கண்ணு, கம்ப்யூட்டர்ல எத்தன கோடு போட்டிருந்துது?”

செல்வக்குமார் அறைக்குப் போய், மைதிலி ஏற்றிய பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். “ஆறு கோடு இருக்குதுங்க,” என்றான். உண்மையைத்தான் சொன்னான். தூணில் சாக்பீஸ் எழுத்து நாலு என்றது. வேறு விசாரணை எதற்கு?

“நாளைக்குக் காலைல உன்ற சாமானையெல்லாம் பக்கத்து மெஷின் ராஜ்கமல்கிட்ட ஒப்படைச்சுப்போட்டு ஊருக்குக் கெளம்பிக்க டேனியலு,” என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. செவிடு என்று பெயரெடுத்த ஐம்பத்தொரு வயது நிட்டரை அவினாசி ரோட்டின் எந்தப் பக்கத்திலும் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. அது காரிடாரில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி போனதும் டேனியல் செல்வக்குமாரிடம் வந்தார். செல்வக்குமார் வசவுக்குத் தயாராக நின்றான்.

“நீங்க சரியாத்தான் சொல்லிருப்பிய தம்பி,” என்றார் டேனியல். “எங்காதுதான் சதி பண்ணிட்டு. ‘மூணுக்கா’ன்னு சொல்லிருப்பிய, எனக்கு வேற மாதிரி விழுந்திருக்கும். ரெண்டாவது வாட்டி கேட்டு உங்கள தொந்தரவு பண்ணதுக்கு மன்னிச்சுக்கிடுங்க.”

செல்வக்குமாருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது நன்றாக நினைவிருந்தது. ஒருமுறைதானே சொன்னான், மறக்க என்ன இருக்கிறது?

அறைக்கு வந்து லிங்க்கைத் தட்டிப் பார்த்தான். ஆறு கிளம்பின, நாலு போய்ச் சேர்ந்தன. இரண்டாவது வெள்ளையையும் மூன்றாவது வெள்ளையையும் வாசலில் நிறுத்திய வரி, எந்தக் கூச்சமும் இல்லாமல் அவனைப் பார்த்தது. டையிங்குக்கு மட்டும் அந்த விதி, நிட்டிங்குக்கு வரிசை அப்படியே போகட்டும் என்று மாற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அப்படி ஒரு யோசனை அவனுக்குள் வந்தது. வந்து கொஞ்ச நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் இருந்தது. ஆனால் “மன்னிச்சுக்கிடுங்க” என்ற சொல் அதை எழுப்பி அனுப்பிவிட்டது.

முதலாளிக்கு மெயில் எழுதினான். தவறு என்னுடைய புரோகிராமில், டேனியல் திரையில் கண்டதைத்தான் ஓட்டினார், அவரை அனுப்பாதீர்கள். அனுப்பு பட்டனை அமுக்கியதும் நெஞ்சு லேசாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, ஒருமுறை.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். டேனியல் தன் சாமான்களை ராஜ்கமலிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கத்தரி. எண்ணெய்க் குப்பி. ஊசி டப்பா. டப்பாவைக் கொடுப்பதற்கு முன் திறந்து, எந்த ஊசி எந்த மெஷினுக்கு என்று காட்டிக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். மெயில் படித்த முகமாகத் தெரியவில்லை.

“மைதிலி, சாரு மெயிலுப் பாத்துட்டாருங்களா?”

“அவரு எங்கீங்க மெயிலுப் பாத்தாரு? சித்ரகலா பிரிண்ட் எடுத்து மேசமேல வெச்சாத்தான் படிப்பாரு. அவ மூலனூர்ல சொந்தத்துல காதுகுத்துன்னு லீவு. நாளானிக்குத்தான் வருவா.”

செல்வக்குமார் உட்கார்ந்தான். எழுந்தான். அவன் சொல்லியாயிற்று. கேட்கவில்லை என்றால் அது அவன் குற்றமா? டீக்கடையிலிருந்து டீ இல்லாமல் திரும்பிய நாட்களில் எல்லாம் இந்தக் கேள்விக்கு அவனிடம் தெளிவான பதில் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஊசி டப்பா கை மாறியது.

ஹாலுக்குள் போய் முதலாளி முன்னால் நின்றான்.

“சார், தப்பு என்னுதுங்க.”

முதலாளி திரும்பிப் பார்த்தார். காதில் கை வைத்தார். “என்ன?”

பன்னிரண்டு மெஷினும் சுற்றிக்கொண்டிருந்தன. சேவூரில் எருமைகள் அசைபோடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கியிருக்க வேண்டும்.

“தப்பு என்னுதுங்க!” என்று கத்தினான்.

“எது தப்பு?”

“வெள்ளைங்க! வெள்ளைய நாந்தானுங்க எடுத்துட்டேன்!”

“நீயா? நீ எதுக்குக் கண்ணு நூலத் திருடறே?”

அவரை ஹால் மூலைக்கு அழைத்துப் போய், பாலிதீன் உறையை விலக்கி, மைதிலியின் பக்கத்தைத் திறந்து லிங்க்கைத் தட்டினான். ஸ்கிரீனில் வெள்ளை, கருநீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று ஆறும் அணிவகுத்து நின்றன. நேற்றே திருத்திவிட்டானே!

“ஆறும் சரியாத்தான் இருக்குது,” என்றார் முதலாளி. “பாவம்னு அந்தாளக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்தயா?”

தன் தப்பை நிரூபிக்க இப்போது அவனிடம் அந்தத் தப்பு இல்லை. “ரெண்டு நிமிசமுங்க,” என்று அறைக்கு ஓடினான். அழித்த வரியை எழுத்துக்கு எழுத்து மறுபடி அடித்தான். ஓடி வந்து தட்டினான். ஆறு கிளம்பின, நாலு வந்து நின்றன. மறுபடி தட்டினான். மறுபடி நாலு. முதலாளி கண்ணாடியை மூக்கில் ஏற்றி நாலையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு மெஷின் தூணிலிருந்த சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, அந்த ரெண்டு வெள்ளை உனக்கு என்ன பண்ணுச்சு?”

“ஒருக்கா சொன்னாப் போதும்னு இருந்துட்டனுங்க.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “சரி, அது உன்ற தப்பு. ஆனா ஆளுக்குக் காது கேக்கலியே. அது யாரு தப்பு?”

“காது நல்லாக் கேட்டிருந்தாலும் என்ற தப்பத்தானுங்க கேட்டிருப்பாரு. துணியப் பாத்துச் சந்தேகப்பட்டு வந்து கேட்டது அவரு ஒருத்தருதானுங்க. அவருக்குத் திருப்பிச் சொல்றதுக்காச்சும் நான் இந்த ஸ்கிரீனப் பாத்திருந்தா, முந்தாநேத்தே புடிச்சிருப்பேன்.” இதை மூச்சு விடாமல் கத்தினான். முதலாளி “ஆ?” என்றார். முழுவதையும் முதலிலிருந்து கத்தினான்.

பக்கத்து மெஷின்காரர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி மைதிலியிடமிருந்து சாம்பிள் துண்டை வாங்கிச் செல்வக்குமார் கையில் திணித்தார்.

“நாளைக்கு மத்தியானம் கட்டிங்குக்குத் துணி போயாகோணும். இவரே ஓட்டட்டும். நீ கூடவே நில்லு. இன்னொருக்காக் கோடு மாறுச்சுன்னா, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போயிருங்க.” போகிறபோக்கில் ராஜ்கமலைப் பார்த்து, “டப்பாவக் குடுத்துரு, டப்பாவக் குடுத்துரு,” என்றார்.

டேனியலுக்கு நடந்ததில் பாதிகூடப் புரியவில்லை. திரும்பி வந்த ஊசி டப்பாவை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

“மொதலாளி என்ன சொல்லுதாரு தம்பி?”

“நீங்கதான் ஓட்டோணுமாமுங்ண்ணா.”

“என்னது?”

செல்வக்குமார் அவருடைய இடது காதுப் பக்கம் சுற்றி வந்தான். “மெஷினு உங்களுதுதானுங்ண்ணா. முந்தாநேத்து நீங்க கேட்டது சரி. நாந்தான் தப்பாச் சொன்னேன்.”

டேனியல் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் திரும்பச் சொன்னான். டேனியலின் தாடை ஒருமுறை அசைந்தது. குனிந்து, தோளில் கிடந்த துண்டால் தூணிலிருந்த சாக்பீஸ் எழுத்தைத் துடைத்தார். துடைத்த துண்டாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டதால் கன்னத்தில் கொஞ்சம் சாக்பீஸ் ஒட்டிக்கொண்டது.

பழைய நூல் கோன்களை எல்லாம் இறக்கி, எழுபத்திரண்டையும் புதிதாக ஏற்ற வேண்டும். டேனியலின் மெஷின் மட்டும் நின்றிருந்தது; மற்ற பதினொன்றும் ஓடிக்கொண்டிருந்தன. செல்வக்குமார் சாம்பிள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். “வெள்ளை,” என்றான். டேனியல் முகத்தைத் திருப்பினார். “வெள்ளை,” என்றான். ஆறு வெள்ளைக் கோன்கள் ஏறின. நூலை முடிச்சுப் போட்டு ஃபீடருக்குள் விடும் அந்த விரல்கள் அவசரப்படவில்லை. “கருநீலம். கருநீலம்.” ஆறு கருநீலம் ஏறின.

பதிமூன்றாவது ஃபீடரில் டேனியலின் கை நின்றது. ஒரு வெள்ளைக் கோனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

“மறுபடியும் வெள்ளையா தம்பி?”

“மறுபடியும் வெள்ளைங்ண்ணா.”

சத்தத்தில் அது அவரிடம் போய்ச் சேரவில்லை. டேனியல் காத்திருந்தார். செல்வக்குமார் இன்னும் கிட்டப் போய், அவர் தோளில் கை வைத்தான்.

“மறுபடியும் வெள்ளைங்ண்ணா,” என்றான்.